ஆறு மணி லைற்

தம்பி,

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத எனக்கு எட்டு நாள் பிடித்திருக்கிறது. அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் உன் குரல்பதிவு வந்தது. கனடாவில் வாங்கிய புது வீட்டில் எல்லா அறைக்கும் அந்த விலை கூடிய ஸ்மார்ட் லைற் பூட்ட யோசிக்கிறாய், மருமகள் அவ்வளவு காசைக் கொண்டுபோய் லைற்றில் கொட்டுவதா என்கிறாள். "அப்பா, நீங்கள் ரெண்டு வருசமாப் பாவிக்கிறியள். குடுக்கிற காசுக்கு அது பெறுமதியோ எண்டு நீங்களே சொல்லுங்கோ. ஓம் எண்டால் எங்கட வட்டக்கச்சி வீட்டின்ரை மிச்ச அறையளுக்கும் வாங்கி அனுப்புறன். தனிய இருக்கிறியள், எழும்பி எழும்பித் திரியத் தேவையில்லை" என்று சொல்லியிருந்தாய். நானும் குரல்பதிவிலேயே பதில் சொல்லப் பார்த்தேன். மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் அழித்தேன். இந்த வயதில் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு அழுகிற மனுசன் என்று நீ என்னை அறிய வேண்டாம் என்றுதான் கொப்பியில் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், தெரியும்தானே. பொறுமையாக வாசி.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வருடம் தண்ணீர் இறைக்கிற மிசின் திருத்தியவன் நான், நல்ல சாமானைக் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீ அனுப்பிய மூன்று பல்ப்பில் ஒன்றுகூட இன்னும் பழுதாகவில்லை. பக்கத்து வளவில் வாங்கிப் பூட்டிய மலிவு பல்ப் இரண்டு மழைக்கும் ஒரு மின்னலுக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. உன்னுடையது கரண்ட் போய் வந்தாலும் தன் பாட்டில் எரியும். வெளிச்சம் கண்ணைக் குத்தாது. குசினியில் அது வந்த பிறகு அம்மா அரிசியில் கல் பார்க்க முற்றத்துக்கு வருவதை விட்டுவிட்டா. நிறம் மாற்றுகிற வித்தை மட்டும் வீண் செலவு, கலியாண வீட்டுப் பந்தலுக்குத்தான் அது சரி. ஆகவே, சாமான் நல்லது. விலைக்குப் பெறுமதியா என்று கேட்டால் அதற்கு இப்படி ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதற்குக் காரணம் நீயும் நானும்.

அந்தப் பெட்டி வந்த நாளை நினைத்துப் பார். உன் சிநேகிதன் ஒருவன் ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டாய். கிளிநொச்சி டவுனில் இருந்து கமரா பூட்டுகிற ஒருவரைக் கூப்பிட்டு, விறாந்தைக்கு ஒன்று, ஹோலுக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று பூட்டினோம். சுவிச்சு எந்த நேரமும் போட்டபடியே கிடந்தால்தான் போன் சொல்லுக் கேட்கும் என்றார். அன்று பின்னேரம் அம்மா சாமிப்படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு விறாந்தைக் கதிரையில் வந்து இருந்தா. யாரும் சுவிச்சைத் தொடவில்லை. பல்ப் எரிந்தது. நீ அங்கே விடிய எழும்பி வேலைக்கு வெளிக்கிடும் நேரத்தில் போனில் தட்டியிருக்கிறாய், இங்கே எங்கள் விறாந்தை வெளித்துவிட்டது. அம்மா எழும்பி நின்று பல்ப்பைப் பார்த்துக் கைகூப்பினா. பொழுதுபடும் மைம்மலில் விளக்கு எரியும்போது கும்பிடுகிற வழக்கம்தான். ஆனால் அன்று சாமிபெயர் சொல்லவில்லை. "தம்பி போட்டிட்டான்" என்றுதான் சொன்னா. அன்று தொடக்கம் அதுவே வழக்கமாகியது.

அந்த முதல் ஆறேழு மாதம் எங்கள் வீட்டில் பொங்கலும் தீபாவளியும் ஒன்றாக வந்தது போல இருந்தது, தம்பி. நீ ஒரு நாள் ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கப் போடுவாய், ஒரு நாள் ஆறு இருபதுக்கு. அதை வைத்து அம்மா உன் நாளை வாசிப்பா. முந்தி எரிந்தால், "இண்டைக்கு நேரத்துக்கு எழும்பியிருக்கிறான், பஸ்ஸுக்கு ஓடமாட்டான்" என்பா. பிந்தினால், "ராத்திரி வேலையாக்கும், பிள்ளை படுக்கப் பிந்திப் போச்சு" என்று கவலைப்படுவா. அம்மாவின் பிறந்தநாளுக்கு நீ அதை நீலமாக்கி இரண்டு தரம் மினுக்கினாய். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. வீண் செலவு என்று மேலே எழுதினேனே, அந்த ஒரு நாளை மட்டும் கழித்துவிட்டு வாசி.

உனக்குத் தெரியும், எங்கள் சனத்துக்கு ஆளில்லாத இடத்தில் லைற் எரிந்தால் பொறுக்காது. போரால் இருபது வருடத்துக்கு மேல் கரண்டைக் கண்ணால் காணாமல் இருந்த சனம், வெளிச்சத்தைக் கண்டால் குண்டு விழும் என்று பயந்து கிடந்த சனம். சிவில் விமானமோ சும்மா ஹெலியோ, மேலே இரைச்சல் கேட்டால் அம்மாவின் கை தானாகச் சுவிச்சுக்குப் போய்விடும். அப்படி ஒரு நாள் ஹெலி ஒன்று பறந்தபோது அம்மா விறாந்தை லைற்றைச் சுவிச்சில் நூர்த்து இருட்டாக்கிவிட்டா. கால் மணித்தியாலம் போகவில்லை, உன் அழைப்பு வந்தது. "ஆரம்மா சுவிச்சைத் தொட்டது? எனக்கு இஞ்சை தொடர்பில்லை எண்டு காட்டுது" என்றாய். பிறகு அப்படியே அரை மணித்தியாலம் கதைத்தீர்கள். பேத்தி முளைத்த பல்லைக்கூடக் காட்டினாள்.

அம்மா அதில் ஒரு வழி கண்டுபிடித்தா. உன் குரல் கேட்க வேண்டும்போல இருந்தால் போய்ச் சுவிச்சை நூர்ப்பா. பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பா. தொலைபேசி எடுக்க ஏன் இந்தப் பாடு, நீரே எடுத்துக் கதையுமன் என்று நான் கேட்டேன். "நான் எடுத்தால் அவன் வேலையிலை நிப்பான், பிறகு எடுக்கிறன் எண்டுவான். இதெண்டால் அவனே எடுக்கிறான்" என்றா. நாலைந்து தரம் இது நடந்தது. உனக்கும் பிடிபட்டிருக்கும், சிரித்துச் சிரித்துத்தான் ஏசினாய். ஆறாம் தரம் சிரிக்கவில்லை. நீ ஏதோ கூட்டத்தில் இருந்திருக்கிறாய். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, "அப்பா, அந்தச் சுவிச்சுக்கு மேலை ஏதாவது ஒட்டி விடுங்கோ, அம்மா தொடாத மாதிரி" என்றாய்.

நான் ஒட்டினேன். காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்ரரில் ஒரு துண்டு வெட்டி, சுவிச்சின் மேல் குறுக்காக ஒட்டினேன். உன் பக்கம் நின்று அம்மாவுக்குப் புத்தியும் சொன்னேன். "பெடியன் அங்கை வேலைக்கு நடுவிலை நிக்கிறான், உமக்கு இஞ்சை விளையாட்டே?" என்று கேட்டேன். அம்மா அந்தப் பிளாஸ்ரரை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தா. "சரி, இனித் தொடேல்லை" என்றா. அவ்வளவுதான். என் கையால் நான் செய்த பிழைகளில் பெரியது எது என்று யாராவது கேட்டால், போர்க்காலத்தில் செய்தவை ஒருபக்கம் இருக்கட்டும், அந்தத் துண்டுப் பிளாஸ்ரரைத்தான் முதலில் சொல்வேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போயிருக்கும். லைற் சரியாக ஆறு மணிக்கு எரியத் தொடங்கியது. ஒரு நிமிடம் முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. உன் விடுமுறை நாளிலும் ஆறு, நீ காய்ச்சலாய்க் கிடந்த கிழமையிலும் ஆறு. மனுசக் கை அப்படி வேலை செய்யாது, அது மிசினின் வேலை என்று எனக்கு விளங்காதா? கமராக்காரரை வேறு ஏதோ சாட்டுச் சொல்லிக் கூப்பிட்டேன். போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, மகன் ரைம் செற் பண்ணி விட்டிருக்கிறார். இனி அவர் ஒண்டும் செய்யத் தேவையில்லை, தன்ரை பாட்டிலை எரியும்" என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்கிறவர் மாதிரி. "அம்மாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ" என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் அன்றே உனக்கு எடுத்து, "தம்பி, கொம்மா அந்த லைற்றை உன்னைப்போலப் பாத்துக்கொண்டிருக்கிறா, ரைமை எடுத்துவிட்டு நீயே போடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். சொல்லவில்லை. வாய்க்கால் தண்ணீருக்கு எந்தக் கந்தோர் வாசலிலும் போய் நின்று கெஞ்சுவேன். பெற்ற பிள்ளையிடம் எங்களைக் கொஞ்சம் நினை என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஞாயிறுகளில் நீ எடுப்பாய். சாப்பிட்டியளோ, ஓம். காசு வந்ததோ, ஓம். லைற் வேலை செய்யுதோ, ஓம் நல்லா வேலை செய்யுது. இதுதான் எங்கள் கதை. நான் நல்லா என்று சொன்ன ஒவ்வொரு தரமும் உனக்குப் பொய் சொன்னேன். பிறகு நீ வேறு எப்படி அறிவாய்? ஆகவே உன்னில் மட்டும் பழியைப் போட்டுவிட்டுத் தப்புகிற ஆள் நான் இல்லை.

உனக்குச் சொல்வதை விட்டுவிட்டு நான் செய்த வேலையைக் கேள். அம்மா விளக்கு வைத்துவிட்டு விறாந்தையில் வந்து இருந்ததும், "தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று உள்ளே போவேன். பிளாஸ்ரரை மெல்ல உரித்துச் சுவிச்சை நூர்ப்பேன். ஆறு மணி கடக்கும். கையில் மணிக்கூட்டைப் பார்த்தபடி கதவுக்குப் பின்னால் நிற்பேன். ஆறு ஏழுக்குப் போடுவேன், பல்ப் எரியும். திரும்ப ஒட்டிவிட்டு வருவேன். சில நாள் ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கச் சுவிச்சை ஒருதரம் நூர்த்துப் போட்டு எரியவிடுவேன். விறாந்தையில் இருந்து அம்மாவின் குரல் கேட்கும். "தம்பி போட்டிட்டான். இண்டைக்கு அவனுக்குப் பிந்திப் போச்சு." ஒரு வருடத்துக்கு மேல் இப்படித்தான் நீ எங்களுக்கு லைற் போட்டாய், மகனே. அந்த நேரங்களில் உன் போனில் தொடர்பில்லை என்று காட்டியிருக்கும் என்று கமராக்காரர் சொன்னார். முன்பு அதைக் கண்டால் கால் மணித்தியாலத்தில் எடுப்பாய். அந்த ஒரு வருடத்தில் அதைக் கண்டு ஒரு நாளும் எடுக்கவில்லை.

இதை வாசிக்கும்போது உனக்குக் கோபம் வரலாம். வரட்டும். ஆனால் உன் வீட்டில் எல்லா அறையிலும் எந்த நேரமும் லைற் வேண்டும் என்று நீ நிற்பது ஏன் என்று மருமகளுக்கு விளங்காவிட்டாலும் எனக்கு விளங்கும். கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து அக்கராயனில் கொட்டில் போட்டு இருந்த காலத்தில் உனக்கு ஆறு வயது. ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டுச் செய்த விளக்குத்தான் உன் படிப்புக்கு. ஒரு மைம்மல் பொழுது பிளேன் சத்தம் கேட்டது. விளக்கை நூர்த்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் குதித்தேன். "அப்பா, இருட்டப்பா, இருட்டப்பா" என்று அழுதாய். எப்போது எடுத்துக் காற்சட்டைப் பையில் வைத்தாயோ தெரியாது, ஒரு நெருப்புக்குச்சியைத் தட்டிவிட்டாய். நான் உன் கன்னத்தில் அறைந்தேன். குச்சி விழுந்து நூர்ந்தது. நீ அழுகையையும் நிறுத்திவிட்டாய். அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் அம்மாவின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் படுத்தாய். பயத்தில்தான் அடித்தேன், உன்னைக் காப்பாற்றத்தான் அடித்தேன் என்று எனக்கு நானே நூறு தரம் சொல்லியிருக்கிறேன். உனக்கு ஒரு தரமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், தம்பி. மன்னித்துக்கொள்.

அதனால் உன் புது வீட்டுக்கு என் யோசனை இதுதான். படிக்கு, வாசலுக்கு, குசினிக்கு அந்த விலை கூடியதையே பூட்டு. கை நிறையச் சாமானோடு வரும்போது தானாக எரிவது நல்லதுதான். பேத்தியின் அறைக்கு மட்டும் வேண்டாம். அவளுக்குச் சாதாரண பல்ப்பும் சுவரில் ஒரு சுவிச்சும் போதும். வேறு அறையில் இருந்துகொண்டு போனில் தட்டி அவள் லைற்றை நூர்க்காதே. எழும்பிப் போ. அவள் இன்னும் கொஞ்ச நேரம் என்று கேட்டால் பக்கத்தில் இரு. பிறகு உன் கையால் நூர்த்துவிட்டு வா. அதற்கு எந்தக் கம்பனியும் சாமான் செய்யவில்லை.

இனி அம்மாவின் கடைசிப் பின்னேரம். இதை நீ வந்திருந்தபோது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூச்சு முட்டி கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நாலாம் நாள். நீ ரிக்கெற் போட்டுவிட்டாய், நாளை மறுநாள் வந்துவிடுவாய் என்று சொன்னேன். கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டு கிடந்தா. கொஞ்ச நேரத்தால், "இஞ்சேருங்கோ, ஆறு மணியாகுதோ?" என்றா.

"ஓம், ஆகப்போகுது."

"அப்ப நீங்கள் இஞ்சை நிண்டால் வீட்டிலை ஆர் லைற்றைப் பிந்திப் போடுறது?"

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சின்னச் சிரிப்பு ஒன்று இருந்தது. "எப்ப தெரியும் உமக்கு?" என்று கேட்டேன்.

"நீங்கள் துவங்கின முதல் கிழமையே. தண்ணி குடிக்கப் போறன் எண்டு போட்டு, செம்பு காய்ஞ்சபடி கிடக்கும். அந்தப் பிளாஸ்ரரையும் ஒவ்வொருநாளும் உரிச்சு உரிச்சு ஒட்டி அதிலை பசையே இல்லை. வீட்டை போனால் புதுசு ஒண்டு ஒட்டுங்கோ."

"தெரிஞ்சுகொண்டே தம்பி போட்டான், தம்பி போட்டான் எண்டு சொன்னனீர்?"

"நான் அப்பிடிச் சொல்லேக்கைதான் உங்கட முகம் கொஞ்சம் தெளியும்" என்றா. மூச்சு வாங்கியது. பிறகு, "பிள்ளையை ஏசிப் போடாதேங்கோ. அவனுக்கு அங்கை எத்தினை வேலை" என்றா. ஏசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நீ ஏமாற்றிவிட்டாய் என்று அம்மா நினைக்கவில்லை, தம்பி. நீ மறந்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டு, அவவுக்குத் தெரியும் என்று அறியாத எனக்காக ஒவ்வொரு பின்னேரமும் எழும்பி நின்று அந்தப் பல்ப்பைக் கும்பிட்டிருக்கிறா. ஒன்றும் தெரியாது என்று நான் நம்பிய அம்மாவுக்காக நான் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். இரண்டு கிழடுகள் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு உன்னை வீட்டில் வைத்திருந்தோம். மறுநாள் விடிய அம்மா போய்விட்டா. நீ விமானத்தில் இருந்தாய்.

அம்மாவுக்கு நெருப்பு வைத்துவிட்டு வந்த பின்னேரம் நீயும் நானும் விறாந்தையில் இருந்தோம். ஆறு மணிக்கு லைற் எரிந்தது. நீ நிமிர்ந்து பார்த்து, "அட, இது இன்னும் வேலை செய்யுதோ?" என்றாய். நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன். கால் கழுவத்தான் போனேன் என்று நீ நினைத்திருப்பாய். அங்கே நின்று, உன்னை ஏசமாட்டேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை எப்படியோ காப்பாற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவோடு நீ போய்விட்டாய். அந்தியேட்டியும் கடந்து இன்றுவரைக்கும் அது நாள் தவறாமல் சரியாக ஆறுக்கு எரிகிறது. பிந்திப் போடுவதற்கு எனக்கு ஆளில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். முதல் ஆறேழு மாதம் அந்த லைற் நீ கொடுத்த காசைப்போலப் பத்து மடங்கு பெறும். அதற்குப் பிறகு அது சுவிச்சுக்கு எழும்பிப் போகிற நாலு அடியை எங்களுக்கு மிச்சம் பிடித்துத் தந்தது. அந்த நாலு அடி எனக்கு வேண்டாம், நடப்பது காலுக்கு நல்லது. மிச்ச அறைகளுக்கு ஒன்றும் வாங்கி அனுப்பாதே.

ஒரு வேலை மட்டும் செய். அந்த ரைமை எடுத்துவிடு. அம்மாவுக்குச் செய்யாமல் விட்டதை இனிச் செய்ய முடியாது, நீ குடிகாரன்போலத் தலையில் அடித்துக்கொண்டாலும் முடியாது. எனக்குச் செய்யலாம், நான் இன்னும் இருக்கிறேன். உனக்கு என்னை நினைவு வருகிற ஒரு நேரத்தில் நீயே அந்த லைற்றைப் போடு. ஆறு மணியாக இருக்க வேண்டாம். நடு மத்தியானம் வெயிலுக்குள் எரிந்தாலும் எனக்குத் தெரியும், அந்த நேரத்துக்கு எந்த மிசினும் போடாது, அது என் பிள்ளையின் கை. மாதம் ஒரு தரம் என்றாலும் போதும். மறந்தால் மறந்துபோ. இருட்டில் இருப்பது எனக்குப் பழகிய விசயம், ஆனால் இனி யாரும் எனக்காக நடிக்க வேண்டாம்.

அம்மா சொன்னபடி இன்று பழையதை உரித்தெறிந்துவிட்டு, சுவிச்சைப் போட்டபடியே வைத்து, மேலே புதுப் பிளாஸ்ரர் ஒட்டிவிட்டேன். பெரிய துண்டு, நல்ல பசை. இதை நான் உரிக்க மாட்டேன்.

அப்பா